அலை மேல் நின்ற மனிதர்: டியூக் கஹனமோகு

(மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு மாணவன், அச்சன்புதூர்)



நம்ம பக்கத்து ஆட்களுக்குத் தண்ணீர் என்றால் அது மேலே இருந்து கீழே விழுவது. ஆனி பிறந்து சாரல் அடிக்க ஆரம்பித்துவிட்டால் போதும், அச்சன்புதூரில் இருந்து சைக்கிளை மிதித்தாவது குற்றாலம் போய், ஐந்தருவியில் தலையைக் கொடுத்துவிட்டு வந்தால்தான் நமக்கு மனசு ஆறும். இப்படித் தண்ணீருக்குக் கீழே நின்றே பழகிய நம்மிடம், தண்ணீருக்கு மேலே ஏறி நிற்கலாம் என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது, மணப்பாடு போகிற வரைக்கும்.

திருச்செந்தூர் போன குடும்பத்தோடு அப்படியே தெற்கே மணப்பாடும் போயிருந்தோம். கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிற குன்று, அதன் உச்சியில் சிலுவைக் கோயில், கீழே பாறைகள். கூட்டமே இல்லை. அந்தக் குன்றைச் சுற்றி வளைந்து வருகிற அலையில் இரண்டு பையன்கள் நீளமான பலகையில் படுத்துக் கையால் துழாவிக்கொண்டு போனார்கள். அலை எழும்பியதும் சட்டென்று எழுந்து நின்றுகொண்டார்கள்! அலை ஓட, அவர்களும் ஓட, கரை வரைக்கும் வந்து சேர்ந்தார்கள். எங்க அப்பா, சாமி வந்த ஆளைப் பார்ப்பது போலக் கைகூப்பாத குறையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இதற்கு அலைச்சறுக்கு என்று பெயர், ஆங்கிலத்தில் சர்ஃபிங். இந்த விளையாட்டை உலகம் முழுக்கக் கொண்டுபோன ஒரு மனிதரின் வாழ்க்கையைத்தான் இந்த மலரில் எழுத ஆசைப்பட்டேன். பெயர் டியூக் கஹனமோகு. நீச்சலில் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். ஆனால் பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. அவர் கதையைத் தெரிந்துகொண்ட பிறகு, நம்மைப் போன்ற டிப்ளமோ மாணவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஆள் இவர் என்று பட்டது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பெயரில் மட்டும் பிரபு

பசிபிக் பெருங்கடலின் நடுவே இருக்கிற ஹவாய்த் தீவுகளில், ஹொனலுலு நகரத்தில், 1890 ஆகஸ்ட் 24-ல் பிறந்தார் டியூக். டியூக் என்றால் ஆங்கிலத்தில் பெரிய பிரபுவைக் குறிக்கும் பட்டம். ஆனால் இவர் பிரபுவும் இல்லை, ஜமீன்தாரும் இல்லை. 1869-ல் எடின்பரோ டியூக் என்ற இங்கிலாந்து இளவரசர் ஹவாய்க்கு வந்திருந்தார். அதன் நினைவாக இவருடைய அப்பாவுக்கு டியூக் என்று பெயர் வைத்தார்கள். அதே பெயர் மூத்த மகனுக்கும் வந்தது. கலெக்டர் வந்த வருசம் பிறந்த பிள்ளைக்குக் கலெக்டர் என்றே பெயர் வைப்பது மாதிரிதான் இதுவும்!

அப்பா போலீஸ் வேலை பார்த்தார். வீட்டில் மொத்தம் ஒன்பது பிள்ளைகள். டியூக் பிறந்தபோது ஹவாய் தனி அரசாக இருந்தது. அவருக்கு மூன்று வயது ஆவதற்குள், 1893-ல், அந்த அரசைக் கவிழ்த்தார்கள். 1898-ல் அமெரிக்கா அந்தத் தீவுகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பிறந்த மண்ணிலேயே ஹவாய் மக்கள் இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்ட காலம் அது.

அலையேறுவது அந்த மக்களின் பழைய கலை. அரசரும் ஏறுவார், குடிமகனும் ஏறுவார், பெண்களும் ஏறுவார்கள். 19-ஆம் நூற்றாண்டில் வெளியில் இருந்து வந்த நோய்கள் ஹவாய் மக்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றன. வந்த பாதிரிமார்களும் இந்த விளையாட்டை நல்ல கண்ணோடு பார்க்கவில்லை. டியூக் சிறுவனாக இருந்தபோது இந்தக் கலை ஏறக்குறைய அணைகிற விளக்காக இருந்தது. அதைத் திரும்பத் தூண்டிவிட்டவர்கள் வைக்கீகி கடற்கரையில் வளர்ந்த சில பையன்கள். அவர்களில் ஒருவர் நம்ம டியூக்.

வீட்டுக் கஷ்டம் காரணமாகப் படிப்பைப் பாதியில் விட்டார். பத்திரிகை விற்றார், துறைமுகத்தில் கூலி வேலை பார்த்தார். வேலை நேரம் போக மீதி நேரம் எல்லாம் கடல்தான்.

பாறையும் அலையும்

அலையேறுவது என்றால் என்ன என்று கொஞ்சம் பார்ப்போம். ஹைட்ராலிக்ஸ் படிக்கிற சிவில் நண்பர்கள் தப்பு இருந்தால் திருத்தலாம்.

எங்கோ நடுக்கடலில் அடிக்கிற புயல் அலையை உண்டாக்குகிறது. அந்த அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து வருகிறது. நம் கன்னியாகுமரி, தூத்துக்குடிக் கடலோரத்துக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை விடுகிறார்களே, அதுவும் தென்கோடிக் கடலில் கிளம்பி, காற்றே இல்லாத நாளில்கூடக் கரைக்கு வந்து மோதுகிற அலைதான். வைக்கீகிக்குக் கோடையில் வருகிற பெரிய அலைகளும் தெற்கே வெகுதூரத்தில் பிறப்பவைதான்.

ஆழமான இடத்தில் அலை சாதுவாக வரும். ஆழம் குறையக் குறைய, அடிப்பகுதி தரையில் உரசி வேகம் குறையும், உயரம் கூடும். அலையின் உயரத்தைப் போல் சுமார் 1.3 மடங்கு ஆழம் இருக்கிற இடத்துக்கு வந்ததும் தலை குப்புற உடையும். மணல் கரையில் மணல் நகர்ந்துகொண்டே இருப்பதால் அலை உடைகிற இடமும் மாறும். ஆனால் கடலுக்கடியில் பாறையோ பவளத் திட்டோ இருந்தால் அது நகராது. அதனால் அலை ஏறக்குறைய அதே இடத்தில், அதே மாதிரி உடையும். அலையேறுகிறவர்கள் பாறைத் திட்டைத் தேடிப் போவதற்கு இதுதான் காரணம். அதற்கு விலையும் உண்டு. தவறி விழுந்தால் கீழே மணல் மெத்தை இருக்காது, முதுகைக் கிழிக்கிற பாறைதான் இருக்கும்.

டியூக் காலத்துப் பலகைக்கு அடியில் துடுப்பு கிடையாது. காலோடு கட்டுகிற கயிறும் கிடையாது. கெட்டி மரம். அவரிடம் இருந்த ஒரு பலகை 16 அடி நீளம், எடை 52 கிலோ. ஒரு மூட்டை சிமெண்டைவிட அதிகம்! அதைத் தூக்கிக்கொண்டு போய், துழாவி, திருப்பி, எழுந்து நிற்க வேண்டும். 1917-ல் வைக்கீகியில் மிகப் பெரிய அலைகள் வந்த ஒரு நாளில், கரைக்குத் தூரத்தில் இருக்கிற திட்டில் ஏறிய ஒரே அலையில் ஒரு மைலுக்கு மேல் நின்றபடியே வந்தார். அந்த ஊரில் அதை இன்றும் பேசுகிறார்கள்.

நம்பாத கடிகாரம்

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

1911 ஆகஸ்ட் மாதம். ஹொனலுலு துறைமுகத்தில் ஒரு நீச்சல் போட்டி. நீச்சல் குளம் எல்லாம் இல்லை. கப்பல் நிற்கிற அழுக்குத் தண்ணீரில், ஒரு துறையில் இருந்து கயிறு கட்டி எல்லை வைத்தார்கள். 21 வயதுகூட நிறையாத டியூக் 100 கஜ தூரத்தை 55.4 விநாடியில் நீந்தி முடித்தார். அதுவரை இருந்த உலகச் சாதனையைவிட 4.6 விநாடி குறைவு! நீச்சலில் கால் விநாடி முந்துவதே பெரிய விஷயம். 4.6 விநாடி என்றால் யார் நம்புவார்?

நம்பவில்லை. அமெரிக்காவின் அமெச்சூர் விளையாட்டுச் சங்கத்துக்குத் தகவல் போனது. அங்கே இருந்தவர்கள் அந்தச் சாதனையை ஏற்க மறுத்துவிட்டார்கள். கடல் நீரோட்டம் தள்ளிவிட்டிருக்கும் என்று சொன்னார்கள். ஸ்டாப்வாட்சுக்குப் பதிலாக அலாரம் கடிகாரத்தை வைத்து அளந்திருப்பார்கள் என்றுகூடக் கேலி பேசினார்கள். எங்கோ ஒரு தீவில், பெயர் தெரியாத, கறுத்த நிறத்துப் பையன், பயிற்சியாளர் இல்லாமல் கடலில் நீந்தி உலகச் சாதனை செய்துவிட்டானா என்பதுதான் அவர்களுடைய உண்மையான கேள்வி.

நண்பர்களே, இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். ஒர்க்‌ஷாப்பில் நாம் ஃபிட்டிங் ஜாப் முடித்துக் கொடுக்கிறோம். வெர்னியர் வைத்து அளந்தால் சரியாக இருக்கிறது. ஆனாலும், இதை நீதான் செய்தாயா என்று ஒரு பார்வை வரும் பாருங்கள். அந்தப் பார்வையை வாங்காதவர்கள் நம்மில் குறைவு.

டியூக் சண்டைக்குப் போகவில்லை, மூலையில் உட்காரவும் இல்லை. ஹொனலுலு மக்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு அவரை அமெரிக்காவுக்கு அனுப்பி வைத்தார்கள். கப்பலேறிப் போனார். அங்கே கூரை போட்ட நீச்சல் குளங்கள். கடலில் நேராக நீந்திப் பழகியவருக்குச் சுவரைத் தொட்டுத் திரும்புவதே புதுசு. குளிர் வேறு. கற்றுக்கொண்டார், தேர்வுப் போட்டிகளில் ஜெயித்தார், ஒலிம்பிக் அணியில் இடம்பிடித்தார்.

1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக். 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சலில் தங்கம். ரிலே போட்டியில் வெள்ளி. இந்தத் தடவை கடிகாரமும் அவர்களுடையது, தூரமும் அவர்கள் அளந்தது. இனி என்ன சொல்ல முடியும்?

முதல் உலகப் போர் காரணமாக 1916 ஒலிம்பிக் நடக்கவில்லை. வயது போய்க்கொண்டிருந்தது. 1920-ல் ஆண்ட்வெர்ப் நகரத்தில், தன் முப்பதாவது பிறந்தநாள் அன்று 100 மீட்டர் இறுதிப் போட்டியில் உலகச் சாதனை நேரத்தில் முதலாவதாக வந்தார். ஒருவர் இடைஞ்சல் செய்துவிட்டார் என்று ஆஸ்திரேலிய வீரர் பக்கம் புகார் எழ, போட்டியைத் திரும்ப நடத்தினார்கள். திரும்பவும் முதலாவதாக வந்தார்! ரிலேயிலும் தங்கம். 1924 பாரிஸில் அவரைத் தோற்கடித்தவர் 20 வயது ஜானி வைஸ்முல்லர். பின்னாளில் டார்சான் படங்களில் நடித்தாரே, அவரேதான். டியூக்குக்கு வெள்ளி, அவருடைய தம்பி சாமுக்கு வெண்கலம். ஒரே வீட்டில் இரண்டு பதக்கம்.

சிட்னியில் ஒரு பைன் பலகை

1914 கடைசியில் நீச்சல் போட்டிகளுக்காக ஆஸ்திரேலியா போயிருந்தார். அங்கே கடல் இருந்தது, அலை இருந்தது, ஆனால் பலகை இல்லை. டியூக் என்ன செய்தார் தெரியுமா? பைன் மரம் வாங்கி, தன் கையாலேயே செதுக்கி ஒரு பலகை செய்துகொண்டார். சிட்னிக்குப் பக்கத்தில் ஃப்ரெஷ்வாட்டர் கடற்கரையில் கூடி நின்ற மக்களுக்கு அலையேறிக் காட்டினார். இசபெல் லெத்தம் என்ற 15 வயதுப் பெண்ணைப் பலகையில் முன்னால் ஏற்றிக்கொண்டு அலையில் வந்தார். அந்தப் பெண் பிற்காலத்தில் அந்த நாட்டு அலைச்சறுக்கின் முன்னோடியாகப் பேசப்பட்டார். ஆஸ்திரேலியா இன்றைக்கு இந்த விளையாட்டில் வல்லரசு.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஊர் திரும்பும்போது அவர் அந்தப் பலகையைக் கொண்டுபோகவில்லை. அங்கேயே விட்டுவிட்டு வந்தார். நூறு வருசம் தாண்டியும் ஃப்ரெஷ்வாட்டர் கடலோரச் சங்கத்தில் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். தெரிந்ததைக் கற்றுக்கொடுத்து, கருவியையும் கொடுத்துவிட்டு வருகிறவர் எத்தனை பேர்?

எட்டு உயிர்

1925 ஜூன் 14. கலிபோர்னியாவில் கொரோனா டெல் மார் என்ற இடம். துறைமுக வாயில், பக்கத்தில் பாறைக் கரை. அன்று காலையில் அலை மிகவும் மோசமாக இருந்தது. டியூக்கும் நண்பர்களும் பலகைகளோடு கரையில் இருந்தார்கள். தெல்மா என்ற மீன்பிடிப் படகு 29 பேரோடு வந்தது. அவர்கள் கண் முன்னாலேயே பெரிய அலை ஒன்று படகைப் புரட்டிப் போட்டது.

டியூக் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். உடைகிற அலையைத் தாண்டிப் போய், கைக்கு எட்டியவர்களைப் பலகையில் ஏற்றிக்கொண்டு கரைக்கு வந்தார். திரும்பப் போனார், திரும்ப வந்தார். அவர் ஒருவராகக் காப்பாற்றியவர்கள் எட்டுப் பேர். நண்பர்கள் காப்பாற்றியது நான்கு பேரை. 17 பேர் கடலோடு போய்விட்டார்கள்.

அன்று வரைக்கும் அந்தப் பலகை ஒரு விளையாட்டுச் சாமான். அதற்குப் பிறகுதான் கடலோரக் காவலர்கள் அதை உயிர் காக்கும் கருவியாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒலிம்பிக்கில் ஐந்து பதக்கம் வாங்கினார் என்பதைவிட, அந்த எட்டுப் பேர் வீட்டில் அன்று ராத்திரி அடுப்பு எரிந்தது என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

தங்கம் இருந்தது, காசு இல்லை

இவ்வளவு புகழ் இருந்தால் பணம் கொட்டியிருக்கும் என்று நினைப்போம். இல்லை. அந்தக் காலத்து அமெச்சூர் விதிப்படி நீச்சலை வைத்து ஒரு பைசா சம்பாதிக்கக்கூடாது. ஹாலிவுட் படங்களில் நடித்தார். ஆனால் கதாநாயகனாக இல்லை. நிறத்தைப் பார்த்துச் சின்னச் சின்ன வேடம்தான் கொடுத்தார்கள். உலகமே கொண்டாடிய அந்த வீரருக்குக் கலிபோர்னியாவில் ஓர் உணவகத்தில் தோல் நிறத்தைக் காரணம் காட்டிச் சாப்பாடு கொடுக்க மறுத்தார்கள். தனித் தம்ளர் வைத்த டீக்கடைகளைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஊருக்குத் திரும்பி வந்து பெட்ரோல் பங்க் நடத்தினார். 1934-ல் ஹொனலுலு ஷெரீப் பதவிக்குத் தேர்தலில் நின்று ஜெயித்தார். அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு காலம், நின்ற தேர்தலில் எல்லாம் மக்கள் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். 1940-ல் நடீன் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். 1968 ஜனவரி 22-ல், தன் 77-ஆம் வயதில் மாரடைப்பால் இறந்தார். அஸ்தியை வைக்கீகி கடலிலேயே கரைத்தார்கள். அவர் எந்தக் கடலில் நிற்கக் கற்றுக்கொண்டாரோ அதே கடல்.

1990-ல் வைக்கீகியில் அவருக்குச் சிலை வைத்தார்கள். பின்னால் பலகை, இரண்டு கையும் விரித்து வரவேற்கிற கோலம். ஆனால் சிலை கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. அலையேறுகிறவன் கடலுக்கு முதுகு காட்டமாட்டான் என்று உள்ளூர்க்காரர்களுக்கு அதில் வருத்தம். சிலை வைத்தால் சர்ச்சை வருவது நம்ம ஊரில் மட்டும் இல்லை போலிருக்கிறது!

அலைச்சறுக்கு ஒலிம்பிக்கில் சேர வேண்டும் என்பது டியூக்கின் ஆசை. அவர் இறந்து அரை நூற்றாண்டு கழித்து, 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அது சேர்ந்தது. பெண்கள் பிரிவில் முதல் தங்கத்தை வாங்கியவர் யார் தெரியுமா? ஹொனலுலுவில் பிறந்த கரிஸா மூர். 2024 ஒலிம்பிக்கில் இந்தப் போட்டி டஹிட்டித் தீவின் பவளத் திட்டு அலையில் நடந்தது. நம் மாமல்லபுரத்திலும் 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. கட்டுமரத்தில் நின்றபடி அலையைத் தாண்டிப் போன மீனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பலகையில் நிற்கிறார்கள்.

நமக்கு என்ன?

ஏன் இவரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கடைசியில் சொல்வதாகச் சொன்னேன் அல்லவா?

எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர் விழுந்தபோது, நமக்கு எதுக்குடா இந்தப் படிப்பு என்று மற்றவர்கள் கேட்பதற்கு முன்னால் நானே கேட்டுக்கொண்டேன். நம்மை நம்பாத கடிகாரம் வெளியில் மட்டும் இல்லை, நமக்கு உள்ளேயும் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

டியூக் அந்தக் கடிகாரத்தோடு வாதாடவில்லை. அவர்கள் அளக்கிற இடத்துக்கே போய், தெரியாததைக் கற்றுக்கொண்டு, திரும்ப நீந்திக் காட்டினார். அவர் ஒருவராகப் போகவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. ஊர்க்காரர்கள் போட்ட காசில்தான் அந்தக் கப்பல் டிக்கெட் வந்தது. அந்தக் கடனை அவர் பதக்கத்தால் மட்டும் அடைக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் விட்டுவந்த பலகையாலும், கொரோனா டெல் மாரில் காப்பாற்றிய எட்டு உயிராலும் அடைத்தார்.

என்னுடைய பீஸிலும் அப்படி ஒரு காசு இருக்கிறது. எங்க அம்மா பீடி சுற்றிய காசு. உங்களில் பல பேர் பீஸிலும் அப்படி ஏதாவது ஒன்று இருக்கும். அரியரை அடுத்த தடவை எழுதிப் பாஸ் பண்ணிவிட்டேன். அது ஒலிம்பிக் தங்கம் இல்லைதான். ஆனால் திரும்பவும் தண்ணீரில் குதித்தேன் அல்லவா, அது டியூக்கிடம் கற்றுக்கொண்டது.

அடுத்த சாரலுக்குக் குற்றாலத்தில் தலையைக் கொடுக்கும்போது, தண்ணீர் மேல் நின்ற அந்த மனிதரை ஒரு நிமிசம் நினைத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே!